முறத்தில் வைத்த பிள்ளை

கிட்ட வந்து உட்காருங்க, என் கண்ணுங்களா. கதவைச் சாத்திவிட்டு வாங்க. ஒரு முறத்தின் கதை சொல்கிறேன். பயம் வந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

தியாகதுருகத்துக் கோட்டை மலைக்குக் கீழே ஒரு வீடு. அம்மா லட்சுமியம்மாளுக்குக் காரியம் முடிந்த மறுநாள், மகள் அமிர்தத்துக்கு வீட்டுக்குள் தவிட்டு வாசனை அடித்தது. மாடுகளை விற்று ஆறு வருஷம். ஒரு பிடி தவிடு கிடையாது. ஆனாலும் மில்லிலிருந்து அப்போதுதான் இறக்கிய மூட்டையைப் பிரித்தாற்போல, இளஞ்சூட்டோடும் லேசான இனிப்போடும் அந்த வாசனை கூடத்தைத் தாண்டி, அம்மாவின் கட்டில்வரை வந்து நின்றது.

தம்பி பெண்டாட்டி கண்ணகிமேல் சந்தேகம் போனது. புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்துவிட்ட நாத்தனாரை எப்படிக் கிளப்பலாம் என்று பார்க்கிறவள்.

"தவிடு வாங்கினியா, கண்ணகி?"

"நான் இன்னாத்துக்கு வாங்கறேன்? தவிட்டுக்கு வாங்கின ஆளு நீங்கதான, அண்ணி!"

அது அந்த வீட்டின் பழைய கேலி. அமிர்தத்துக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை. நாலாவதுக்கு வலது மூக்கைக் குத்தி, இரும்பு வளையம் போட்டு, முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டில் வைத்தார்கள். களையெடுக்க மலையிலிருந்து வந்திருந்த கரியாலூர் குஞ்சம்மாள் எடுத்துக் கொடுக்க, ஒரு படி தவிடு கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். எவளோ பெற்றது என்று எமன் ஏமாந்துபோவானாம். எமனையே ஏமாற்றினவள் என்ற தெம்பில்தான் தாலி இறங்கிய நாளையும் அமிர்தம் தாண்டினாள். மூக்கில் துளை மட்டும் இல்லை. தூர்ந்துபோச்சு என்பாள் அம்மா.

விளக்கு வைக்கிற நேரத்தில் புழக்கடையில் முறத்தில் புடைக்கும் சத்தம் கேட்டது. சளக்... சளக்... போய்ப் பார்த்தால் ஆளில்லை. கண்ணகி அடுப்படியில் நின்றாள். விடிந்து பார்க்கையில் அம்மாவின் தலையணைமேல் தவிட்டுத்தூள். அதில் ஐந்து விரல்கள் பதிந்திருந்தன. நெல்மணி அளவு விரல்கள். அந்த வீட்டில் கைக்குழந்தை கிடையாது.

அமிர்தம் பஸ் ஏறி ரிஷிவந்தியம் போனாள். பழைய சங்கதி தெரிந்தவர்களில் மிச்சம் இருந்த அப்பாவின் தங்கை செவ்வந்தி அத்தை அங்கே இருந்தாள்.

"குப்பமேட்டுலேந்து என்னைத் தூக்கினப்ப நீங்க இருந்தீங்களா, அத்த?"

அத்தை வெற்றிலையை மெல்வதை நிறுத்தினாள்.

"முறத்துல வச்சது அழுவல, அம்மு. தொட்டா சில்லுனு இருந்துச்சி. குஞ்சம்மா இடுப்புல அவ புள்ள ஒண்ணு அழுதுகினு இருந்துச்சி. பஞ்சத்து வருஷம். உங்கம்மா ஒரு மூட்ட தவிட்ட எடுத்து வச்சா. அவ மலையேறச்ச இடுப்பு காலி."

"அப்ப முறத்துல இருந்தது?"

"அந்த மேட்டுலயே பொதச்சோம். அமாவாசைக்கு அமாவாசை யாருக்கும் தெரியாம ஒரு படி தவிடு வாங்கி அங்க வச்சிக்கினே இருந்தா உங்கம்மா. முந்தாநாளு அமாவாச. யாரு வச்சீங்க?"

திரும்பும்போது பஸ் ஜன்னலில், குஞ்சம்மாள் ஏறிப்போன கல்வராயன் மலை நீலமாகக் கூடவே வந்தது. அமிர்தத்தின் விரல் வலது மூக்கைத் தடவிக்கொண்டே இருந்தது. அம்மா தலைவாரிவிட்டது, ஊட்டியது, பாடை தூக்கும்போது தான் கதறியது, எல்லாம் இன்னொருத்தியுடையவை என்று தோன்றியது. ஆனாலும் அந்த வீட்டை விட்டால் போக்கிடம் இல்லை. இறங்கியதும் ஒரு படி தவிடு வாங்கினாள்.

பொழுது சாய்ந்திருந்தது. புழக்கடை.

குப்பைமேட்டில் முறம். பரணில் கிடந்த பழைய முறம். யார் எடுத்து வைத்தது?

தவிட்டைக் கொட்டினாள். குவியல் நின்றது. பிறகு நடுவில் குழிந்தது. இன்னும் குழிந்தது.

சத்தமில்லை. காற்றில்லை.

தவிட்டுக்குள்ளிருந்து ஒரு நெற்றி. மூடிய கண். வலது மூக்கில் துருப்பிடித்த வளையம்.

கண் திறந்தது. அம்மாவின் கண்.

ஒரு சின்னக் கை மேலே வந்தது. தவிட்டை ஒரு பிடி அள்ளியது. அமிர்தத்தின் பக்கம் நீட்டியது. உன் விலை இந்தா, வாங்கிக்கொண்டு போ என்பதுபோல.

அந்தக் கை இறங்கவே இல்லை.

நீங்க நல்லா இருக்கணும், கண்ணுங்களா. உங்க வீட்டுத் தூளியில் கிடக்கிற பிள்ளை, என்றைக்கும் உங்க பிள்ளையாகவே இருக்கட்டும்.