யார் காலைப் பிடித்தது

பிற்பகல் இரண்டு மணிக்கு, ஷேக் தாஹரின் வீட்டு வாசலில் வஸீலா டாக்ஸியை விட்டு இறங்கினாள். தியாரத் நகரத்துக்கு வெளியே, அறுப்பு முடிந்த கோதுமை வயல்களுக்கு நடுவே, பிரெஞ்சுக்காரப் பண்ணையார் ஒருவன் விட்டுப்போன பழைய வீடு. பாலைவனத்திலிருந்து வீசிய சூட்டுக் காற்றுக்குப் பயந்து ஜன்னல்களையெல்லாம் சாத்தியிருந்தார்கள். வாசலைத் தாண்டியதும் பகல் வெளியிலேயே நின்றுவிட்டது. உள்ளே சாம்பிராணி மணத்தது. அதற்கடியில் காயாத கம்பளத்தின் ஈர வாடை.

ஒன்பது நாளைக்கு முன்னால் இந்த வீட்டில்தான் அவள் தங்கை ஹனான் செத்தாள்.

ஹனானுக்கு வலிப்பு நோய். மாத்திரை ஒழுங்காகப் போட்டால் ஆறு மாதம்கூட ஒன்றும் வராது. ஆனால் "மாத்திரை ஜின்னைத் தூங்க வைக்கும், துரத்தாது" என்று ஷேக் சொல்லிவிட்டார். அம்மா மாத்திரைகளைக் குப்பையில் கொட்டினாள். மாத்திரை நின்றதால் வந்த வலிப்பெல்லாம் ஜின் இருப்பதற்குச் சாட்சியாயிற்று. தொலைவில் ஓரான் நகரத்தில் நர்ஸ் வேலை பார்த்த வஸீலாவுக்குச் செய்தி எட்டுவதற்குள் அடக்கமே முடிந்துவிட்டது.

ஷேக் திண்டில் சாய்ந்திருந்தார். பத்து வருடத்துக்கு முன் செருப்புக் கடை வைத்து நொடித்துப்போன மனிதர். கால் அளவு தெரியாதவருக்கு ஆன்மாவின் அளவு மட்டும் எப்படியோ பிடிபட்டுவிட்டது. அவரைச் சுற்றி ஏழு சீடர்கள்.

"உன் தங்கச்சிய நான் தொடக்கூட இல்லம்மா," என்றார். "ஓதினேன், அவ்வளவுதான். ஜின் போகும்போது உயிரையும் தூக்கிட்டுப் போயிடுச்சு."

"உப்புத் தண்ணி எத்தன வாளி அவ வாயில ஊத்துனீங்க?"

"ஊத்துனது நான் இல்லியே."

"அப்ப யாரு? அவ காலப் பிடிச்சது யாரு?"

ஏழு பேரும் கம்பளத்தைப் பார்த்தார்கள். கடைசியில் அவர்களில் மூத்தவரான பெல்காசெம் தொண்டையைச் செருமினார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர்.

"ஷேக் சொன்னாரு, பிடிச்சோம்."

"நான் ஜின்னப் பிடிக்கச் சொன்னேன்," என்றார் ஷேக் சட்டென்று.

கட்டளை அவருடையது, கை இவர்களுடையது, குற்றம் ஜின்னுடையது. பிள்ளைகளுக்கு வகுத்தல் சொல்லிக்கொடுத்த பெல்காசெமுக்கு இந்தப் பங்கீட்டில் ஒரு பிசகும் தெரியவில்லை.

ஷேக்குக்கு நாக்கு வறண்டது. புதுத் தண்ணீர் போத்தலின் மூடியைத் திருகி ஒரு வாய் குடித்தார். குடித்ததைத் துப்பினார்.

"எவன்டா இதுல உப்பப் போட்டது?"

இன்னொரு போத்தலைத் திறந்தார். அதையும் துப்பினார். பெல்காசெம் வாங்கிக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். மற்ற ஆறு பேரும் வரிசையாகக் குடித்தார்கள், வரிசையாகத் துப்பினார்கள்.

தேநீர் போடும் ஸொஹ்ரா மட்டும் குடித்துவிட்டு விழித்தாள். ஹனான் செத்த அன்றைக்கு அவள் சந்தைக்குப் போயிருந்தாள். "நல்ல தண்ணிதானே, ஷேக்?"

வஸீலாவும் வாங்கிக் குடித்துப் பார்த்தாள். வெறும் தண்ணீர்தான். குற்றமுள்ள நெஞ்சு நாக்கில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போது உள் அறையில் யாரோ தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

மடக். மடக். மடக்.

மூச்சு விடாமல் குடிக்கிற சத்தம்.

"உள்ள யாரு?" என்றாள் வஸீலா.

"யாருமில்ல," ஸொஹ்ரா கிசுகிசுத்தாள். "அன்னிக்குப் பூட்டுனது. தெறக்கவே இல்ல."

குடிக்கும் சத்தம் புரையேறி இருமலானது. அந்த இருமலை வஸீலாவுக்குத் தெரியும். சின்ன வயதில் தங்கையோடு ஒரே கட்டிலில் படுத்து இரவெல்லாம் கேட்ட இருமல். குழாயில் காற்று அடைத்திருக்கிறது என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள்.

குழாய் பேசியது.

"போதும்."

ஷேக்கின் முகத்தைப் பார்த்ததும் வஸீலாவுக்குப் பயத்தை மீறிக்கொண்டு வெறுப்பு வந்தது.

"ஜின்தானே ஷேக்? விரட்டுங்க. உங்க தொழில்தானே?"

ஷேக் ஓத வாயெடுத்தார். இரண்டு சொல்லுக்கு மேல் வரவில்லை. எழுந்து, அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடினார்.

"ஓதலப் பாதியில விட்டுட்டு ஓடுறாரே," என்றார் பெல்காசெம் மெதுவாக. வகுப்பில் விடை கண்டுபிடித்த பையனின் குரல். "ஓதலுக்குப் பயந்து ஓடுறவனுக்குள்ளதான் ஜின் இருக்கும்னு ஷேக்தானே சொன்னாரு."

ஏழு பேரும் எழுந்தார்கள்.

"அடேய், நான்டா! தாஹர்டா!"

"ஜின் அப்பிடித்தான் சொல்லும். நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க."

இரண்டு பேர் கையைப் பிடித்தார்கள். இரண்டு பேர் காலை. ஒருவர் சமையலறையிலிருந்து உப்பு மூட்டையைக் கொண்டுவந்தார். ஒருவர் வாளியில் கரைத்தார். பெல்காசெம் தலையைப் பிடித்து வாயைத் திறந்தார். ஒருவர் முகத்திலும் கோபமில்லை. அக்கறைதான் இருந்தது.

அவ்வளவு உப்பு ஒரு உடம்பை என்ன செய்யும் என்று அந்த அறையில் தெரிந்தவள் வஸீலா ஒருத்திதான்.

வாய் திறந்தாள். சத்தம் வரவில்லை.

அல்லது வரவிடவில்லை.

ஒரு வாளி முடிந்தது.

இரண்டாவது வாளியும் முடிந்தது.

மூன்றாவது வந்தபோதுதான் அலறிக்கொண்டு ஓடி, பெல்காசெமின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "விடுங்கய்யா! செத்துடுவாரு!" ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். வண்டி தியாரத்தை எட்டுமுன்பே ஷேக் தாஹர் இறந்துபோனார்.

மாலையில் காவல் நிலையத்தில் ஏழு பேரும் ஒரே வாக்குமூலம் கொடுத்தார்கள். ஷேக்கை நாங்கள் தொடவே இல்லை, ஜின்னைத்தான் பிடித்தோம் என்று. கணக்கு வாத்தியார் எழுத்துப்பிழை இல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

வஸீலாவின் முறை வந்தது.

"நீங்க எப்ப தடுத்தீங்க?" என்றார் அதிகாரி.

"உடனே."

அவர் எழுதிக்கொண்டார். மேசையிலிருந்த போத்தலிலிருந்து இரண்டு குவளைகளில் தண்ணீர் ஊற்றி, ஒன்றைத் தான் குடித்து, மற்றதை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் ஒரு வாய் குடித்தாள்.

உப்பு.

"என்னம்மா ஆச்சு?"

வஸீலா குவளையைக் கீழே வைத்தாள்.

"அத அடிச்சிருங்க, ஸார். உடனே இல்ல. ரெண்டு வாளி முடியற வரைக்கும் நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் நின்னேன்."

அதிகாரி வரியை அடித்து, புதிதாக எழுதினார். அவள் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போலிருந்தது. நம்பிக்கையோடு குவளையை மறுபடி எடுத்தாள்.

அப்போதும் உப்புதான்.

"உங்ககூட வந்த பொண்ணு எங்க போச்சு?" என்று கேட்டார் அதிகாரி.

"நான் தனியாத்தான் வந்தேன்."

அவர் பேனாவை நிறுத்திவிட்டு, அவள் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். அதன் இருக்கை நனைந்திருந்தது. விளிம்பிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.