தூயா கைமாறிய காலை

தூத்துக்குடிக்கு அப்பால் கடலில் மிதந்த அந்த நகரத்தில், விடிந்ததும் எல்லோரும் வேண்டாத நினைவுகளை விடுவித்துவிடுவார்கள். பவளக்கொடியும் கண்ணை மூடி, நேற்றைய படகுப் பயணத்தையும் மதியச் சாப்பாட்டையும் விட்டாள். அவை நுரைபோல் கரைந்தன.

மனித ஆயுள் இருநூறைத் தாண்டியபின் தலைக்குள் இடம் போதவில்லை. நினைவுகள் பொது நினைவகத்துக்குக் குடிபெயர்ந்தன. அங்கும் நெருக்கடிதான். அதனால் ஒரு நினைவுக்கு ஒரே உடைமையாளர். மற்றவர்கள் இரவல் வாங்கிப் பார்க்கலாம். நகல் எடுக்க முடியாது.

மகள் தூயா பிறந்தபோது, அவளைப் பற்றிய நினைவுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணவன் அதியன் தன் பெயரில் வைத்தான். பவளக்கொடிக்கு இரவல். அப்போது அது பெரிதாகத் தோன்றவில்லை. தூயா ஐந்து வயதில் காய்ச்சலில் போனாள். பிறகு அவர்களால் ஒரே வீட்டில் இருக்க முடியவில்லை.

அன்று அதியன் பெட்டியோடு வந்தான். நிலவில் வேலை கிடைத்திருந்தது. கிளம்புகிறவர் தன் நினைவுகளை எடுத்துப் போய்விடலாம், இரவல்கள் அறுந்துவிடும். போகாமல் இருக்கக்கூடாதா என்று கேட்டாள். இந்தக் கடலைப் பார்த்தாலே மூச்சு முட்டுகிறது என்றான்.

கடைசியாக ஒருமுறை தூயாவின் நினைவு ஒன்றை இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். வெயில் மங்கிய கரையில் தூயா ஈரப் பாவாடையோடு நின்று, அலையை "போ, போ" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். பவளக்கொடி மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அதியன் அவள் முகத்தையே பார்த்தான்.

"உன் பேருக்கு மாத்திடறேன், பவளம்."

"மாத்தினா உங்களுக்கு அவ இல்ல. நிலாவுக்கு இரவல் வராது."

"தெரியும். மனசு மாறுறதுக்குள்ள மாத்திடறேன்."

அவள் உள்ளங்கையில் தன் உள்ளங்கையை வைத்தான். தூயாவின் நினைவுகள் கைமாறின. பிறகு, தூக்கத்தில் எழுந்து வந்தவனைப்போல் விழித்தான்.

"உனக்கு ஏதோ கொடுத்தேன்ல? என்ன அது?"

கடற்கரையில் ஒரு குழந்தை அலையை அதட்டிய கதையைச் சொன்னாள். அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

"அப்புறம்?"

"இன்னும் விளையாடிட்டுத்தான் இருக்கா."

சந்தோஷமாகத் தலையசைத்து, அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்கு இறங்கிப் போனான். இரண்டுமுறை திரும்பிக் கையசைத்தான். பவளக்கொடியும் கையசைத்தாள். தூயாவுக்காக அழ, இனி அவள் ஒருத்திதான்.