துளசிராமன் டிராக்கில் மூன்றாவது கை

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறங்கினால் முதலில் வரவேற்பது வாசனை. துரு, ரப்பர், எங்கோ உருகிக்கொண்டிருக்கும் இரும்பு. நான் பழவேற்காட்டுக்காரன், கருவாட்டுக்கே சுளிக்காத மூக்கு என்னுடையது. அன்று மத்தியானம் அதுவே திரும்பிப் போகலாமா என்று கேட்டது.

நான் கேட்கவில்லை. தலையில் முட்டை அட்டைக் கட்டு இருந்தது. பொன்னேரியில் மாமாவின் கடையில் கெஞ்சி வாங்கியது. ஷேர் ஆட்டோக்காரர் கட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, அதையும் ஓர் ஆளாகக் கணக்கில் வைத்துக்கொண்டார்.

சிப்காட் தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில், கருவேல மரங்களுக்கு நடுவே, நண்பன் துளசிராமனின் அப்பாவுடைய பிரஸ் ஷாப் மூடிக் கிடந்தது. புத்தகம் அச்சடிக்கிற பிரஸ் அல்ல. இரும்புத் தகட்டை அறைந்து வாஷர் வெட்டுகிற பிரஸ். கேட்டில் வாட்ச்மேன் முனுசாமி உட்கார்ந்திருந்தார்.

"இன்னா நைனா, உள்ள கோழிப் பண்ணை வைக்கப் போறீங்களா?"

"ஸ்டுடியோண்ணே. சத்தம் எதிரொலிக்காம இருக்க சுவத்துல ஒட்டணும்."

"எதிரொலிதான?" என்றார் அவர். "ஒட்டிப் பாரு."

சிரிக்கவில்லை.

எங்கள் பேண்டில் மூன்று பேர். கிடாருக்குத் துளசி, பாட்டுக்கு ரம்யா, டிரம்ஸுக்கு நான், ரிஜ்வான். சென்னையில் கல்லூரிகளுக்கிடையே நடக்கும் இசைப் போட்டிக்கு டெமோ சிடி அனுப்ப வேண்டும். தேர்வானால் ஆயிரக்கணக்கானோர் முன்னால் மேடை. மெக்கானிக்கல் படிக்க அனுப்பப்பட்டதில் எனக்கு உருப்படியாக வந்தது டிரம்ஸ் ஒன்றுதான். அந்த மேடையில், அந்த டிரம்செட்டுக்குப் பின்னால் ஒருமுறை உட்கார்ந்துவிட்டால், பிறகு மாமாவின் முட்டைக் கடையில் ஆயுள் முழுக்க உட்காரவும் நான் தயார்.

ஆனால் கல்லூரி டிரம்செட்டை கல்லூரி வாசலுக்கு வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால்தான் கம்ப்யூட்டர்.

"டெமோக்கு மட்டும்தாண்டா மச்சி," என்று துளசி சத்தியம் செய்திருந்தான். "ஸ்டேஜ்ல நீதான்."

பர்மா பஜாரிலிருந்து மூன்று சாஃப்ட்வேர் வாங்கி வந்திருந்தான். முதலாவதில் கிடார் கம்பியை மீட்டினால், ஒரு டீ குடித்துவிட்டு வந்து சத்தத்தைக் கேட்டுக்கொள்ளலாம். இரண்டாவதில் உலகத்திலுள்ள எல்லா வாத்தியமும் இருந்தது; திறந்ததும் கம்ப்யூட்டர் அணைந்துவிடும் என்பது மட்டும்தான் குறை. மூன்றாவது அடக்கமாக வேலை செய்தது. அதில் டிரம்ஸுக்கென்று வரிசை வரிசையாகக் கட்டங்கள். எந்தக் கட்டத்தில் கிளிக் செய்கிறோமோ அங்கே ஓர் அடி விழும். ரொம்ப நல்ல சாஃப்ட்வேர். கைவலி, லீவு, கோபம் எதுவும் கிடையாது.

ஜன்னல்களைக் கம்பளியால் மூடியிருந்தான். வெளியே வெயில் பொரிந்துகொண்டிருக்க, உள்ளே கம்ப்யூட்டர் வெளிச்சம் மட்டும். அதற்கப்பால் இருட்டில், ஓர் ஆள் உயரத்துக்கு மேல், பழைய பவர் பிரஸ் நின்றது. அதன் எண்ணெய் நாற்றம் ஆறிப்போன ரத்த வாடை போல நாக்கில் படிந்தது.

"ரியலா இருக்கான்னு கேட்டுச் சொல்லு," என்று துளசி டிராக்கை ஓடவிட்டான்.

"மெஷின்கன்டா இது. எல்லா அடியும் ஒரே பலம். மனுஷன் கை அப்படி அடிக்காது. ஒண்ணை ஓங்கி அடிச்சா அடுத்ததை சோம்பேறியா அடிக்கும். அப்புறம் ஸ்நேர் டிரம்மை கோட்டு மேலயே வைக்காத. ஒரு மயிரிழை லேட்டா தள்ளு."

தள்ளினான். நான் சொல்லச் சொல்ல ஒவ்வோர் அடியையும் கூட்டினான், குறைத்தான். சாயங்காலம் ஆவதற்குள் கட்டங்களுக்கு உயிர் வந்துவிட்டது. என் தாளம். என் சோம்பல்கூட அப்படியே இருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. தன் கறியைத் தானே வெட்டிக் கொடுத்து மசாலாவும் சொல்லிக் கொடுத்த ஆட்டுக்கு அப்படித்தான் இருந்திருக்கும்.

"பாஸ் டிரம் பிரமாதமா இருக்கே. எந்த சிடி?"

"சிடி இல்ல. அதோ, அந்த பிரஸ்." துளசி இருட்டைக் காட்டினான். "மைக்கை தகடு வெட்டுற டை பக்கத்துல தொங்கவிட்டு, ஒரே வாட்டி இறக்கினேன். அப்பாக்குத் தெரிஞ்சா பேஜாரு. உடனே பிரஸ் ஃபியூஸைப் பிடுங்கி ஜன்னல்ல வச்சிட்டேன்."

ஃபியூஸ் கட்டைகள் ஜன்னல் விளிம்பில்தான் இருந்தன.

முழுப் பாட்டையும் ஓடவிட்டோம். நான் கண்ணை மூடி, காற்றில் கூடவே வாசித்தேன். வலது கை ஹை-ஹேட் தாளத்தட்டில். இடது கை ஸ்நேரில். கால் பாஸில்.

தப்.

கண்ணைத் திறந்தேன்.

"துளசி, ஒரு தப்பு பண்ணியிருக்க. கத்துக்குட்டிங்க எல்லாரும் பண்றதுதான். டிரம்மருக்கு ரெண்டு கைதான்டா. ரெண்டும் பிஸியா இருக்கும்போது மூணாவதா எதையோ அடிக்க வச்சிருக்க."

"எங்க? ரெண்டு வரிசைதான் போட்டிருக்கேன். பாரு."

பார்த்தேன். ஹை-ஹேட் வரிசை, ஸ்நேர் வரிசை, அடியில் பாஸ். வேறு கட்டங்கள் காலி.

மறுபடி ஓடவிட்டான்.

தப்.

குச்சியால் அடித்த சத்தம் இல்லை அது. உள்ளங்கை. மெத்தென்ற எதன் மீதோ ஓர் உள்ளங்கை. பிரஸ் இறங்கும் சத்தத்துக்குச் சற்று முன்னால், ஒவ்வொரு முறையும், அவசரமாக.

ஹை-ஹேட்டை அணைத்தோம். தப்.

ஸ்நேரை அணைத்தோம். தப்.

பாஸையும் அணைத்தோம். திரையில் ஒன்றுமே ஓடவில்லை.

தப். தப். தப்.

துளசி ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினான். அதன் பிறகு நின்றது. "பைரேட் காப்பிடா," என்றான். "வைரஸ்."

நான் எழுந்து பிரஸ் பக்கம் போனேன். இடுப்பு உயரத்தில் இரண்டு பெரிய பொத்தான்கள், ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் எந்தக் கையும் டைக்குள் இருக்காது, அதுதான் ஏற்பாடு. மெக்கானிக்கலில் நான் தூங்காமல் கேட்ட ஒரே பாடம்.

வலது பொத்தானை யாரோ உள்ளே அழுத்தி, சைக்கிள் டியூபால் இறுக்கிச் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

அதன் மேல் என் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினேன்.

தப்.

அதே சத்தம்.

வெளியே வந்தபோது வெயில் கண்ணைக் குத்தியது. முனுசாமி என் முகத்தைப் பார்த்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"அந்தப் பொத்தானை ஏண்ணே கட்டி வச்சிருக்காங்க?"

அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அன்புராஜ்னு ஒரு புள்ள. கவரைப்பேட்டைக்காரன். ரெண்டு கையும் பொத்தான்ல இருந்தா தகட்டை யாரு தள்றது? வேலை மெதுவா நடக்குதுன்னு முதலாளி பக்கத்துலயே நின்னு ஒரு பொத்தானைக் கட்ட வச்சாரு. ஒரு கை அமுக்கும், ஒரு கை தகடு தள்ளும். இந்த ஏரியால பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுறான். ஒரு நாள் இடது கை அமுக்கிடுச்சு. வலது கை இன்னும் உள்ள இருந்துச்சு."

நான் தண்ணீரைக் குடிக்கவில்லை.

"மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே போய்ட்டான். அதுகூட பரவால்ல நைனா. ஆபீசர் வந்து கேட்டப்போ முதலாளி இன்னா சொன்னாரு தெரியுமா? 'அவனேதான் சார் கட்டிக்கினான்'னாரு. பொணத்து மேல கைய வச்சி சொன்னாரு."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"இன்னும் இங்கதான உக்காந்துகினு இருக்கேன்," என்றார் முனுசாமி. "சொல்லியிருந்தா இருப்பேனா?"

துளசியை வெளியே அழைத்து வந்துவிடலாம் என்று திரும்பினேன். அவன் செல்போனில் பேசிக்கொண்டிருந்தான். நான் வாசலில் நின்றேன்; முதுகைக் காட்டி நின்ற அவன் என்னைப் பார்க்கவில்லை.

"முடிஞ்சிடுச்சு ரம்யா. அச்சு அசல் அவன் வாசிக்கிற மாதிரியே இருக்கு. இனிமே டிரம்ஸுக்கு ஆளே வேணாம், ஸ்டேஜ்லயும் இதையே ஓடவிடலாம்... ரிஜ்வானா? அவனேதான் விலகிக்கினான்."

அப்பாவின் வாக்கியம். மகனுக்கு பிரஸ் ஷாப்போடு சேர்த்து அதையும் எழுதிக் கொடுத்திருக்கிறார் போலிருக்கிறது.

கத்த வேண்டும் போல இருந்தது. முட்டை அட்டை ஒட்டிய சுவர்கள் என் மூச்சைக்கூட விழுங்கின. தலையில் சுமந்து வந்தவன் நான் அல்லவா, அதனால் நன்றாகவே வேலை செய்தன.

துளசி பேசிக்கொண்டே பிரஸ் அருகில் போனான். தொங்கிக்கொண்டிருந்த மைக்கை எடுக்க, வலது கையை டைக்குள் நீட்டினான்.

தப்.

ஸ்பீக்கர் ஒயர் தரையில் கிடந்தது.

தப்.

பிரஸ்ஸின் பெரிய சக்கரம் மெல்ல, சத்தமே இல்லாமல், சுற்றிக்கொண்டிருந்தது.

ஃபியூஸ் கட்டைகள் ஜன்னலிலேயே இருந்தன.

இடது பொத்தான் தானாக உள்ளே போவதை நான் பார்த்தேன்.

பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் தரையில் விழுந்தோம். தலைக்கு மேலே பிரஸ் இறங்கியது. மைக் தகடாகிக் கீழே விழுந்தது. துளசியின் பத்து விரல்களும் பத்திரமாக இருந்தன.

வலது பொத்தானில் சுற்றியிருந்த டியூப் அவிழ்ந்து கிடந்தது. முடிச்சைப் பொறுமையாக, ஒற்றைக் கையால் பிரித்தது போல.

ஓடி வந்த முனுசாமியிடம் துளசி என்னைக் காட்டி மூச்சிரைக்கச் சொன்னான்:

"இவன்தான் ஸ்விட்சைப் போட்டான். நான் பேசினதைக் கேட்டுட்டு, அவனேதான்..."

முனுசாமி ஜன்னலில் இருந்த ஃபியூஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வழக்கம் போல ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் கல்லூரியில் நான் நண்பனின் கையை நசுக்கப் பார்த்தவன். கேன்டீனில் என் மேசைக்கு யாரும் வரவில்லை. ரம்யா என்னைப் பார்த்தாலே தன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். டெமோ சிடி போட்டிக்குப் போனது.

தேர்வும் ஆனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. உம்மா அடுப்பங்கரையிலிருந்து நாஷ்டாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது துளசியிடமிருந்து போன் வந்தது. குரலில் வெல்லம்.

"மச்சி, நடந்ததை விடுடா. செலக்ட் ஆயிட்டோம். ஆனா டிரம்ஸை நேர்லதான் வாசிக்கணும்னு சொல்லிட்டாங்க. உங்க டிரம்மர் அபாரமா வாசிக்கிறாரு, நடுவுல வர்ற அந்தக் கையால அடிக்கிறது எப்படின்னு பார்க்கணும்னு கேக்கறாங்க. நீ இல்லாம முடியாதுடா."

"சரி, வரேன்," என்றேன். "ஆனா நாங்க ரெண்டு பேரா வருவோம்."

"யாருடா இன்னொருத்தன்?"

போனை இரண்டு கைகளாலும் பிடித்துச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் தாழ்த்தினேன். ஷாப்பிலிருந்து வந்த நாளிலிருந்து நான் விரலால் எந்தத் தாளம் போட்டாலும் அதை முடித்து வைப்பது நானில்லை. என்னை விட்டு விலகாதவர் அன்புராஜ் ஒருவர்தான்.

தப். தப்.

துளசி போனை வைத்துவிட்டான். எங்கள் பாட்டின் தாளம் முடியும்வரை மேசைமேல் தட்டுவது நிற்கவில்லை.

இட்லித் தட்டோடு வந்த உம்மா, மேசையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"யாருடா வந்தது? கிரீஸ் கையோட இங்க யாரு உக்காந்தது?"