கரையில் அவிழ்த்துப் போட்ட கட்டை

சிதம்பரத்திலிருந்து மாற்றலாகி வந்த பார்சல் கிளார்க் உத்திராபதிக்குக் கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஒரு பழைய ஓட்டு வீடு வாடகைக்குக் கிடைத்தது. ஐப்பசி மழை ஓய்ந்த வாரம் அது, 1963. கூடத்தில் எந்நேரமும் ஈர வாடை. மனைவி அமிர்தத்துக்கு ஏழு மாதம். எட்டு வருஷம் காத்திருந்து தங்கிய பிள்ளை என்பதால் அவளைக் குடம்கூடத் தூக்கவிடமாட்டார் மனிதர்.

அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஆபீஸ் விட்டு வந்தால் பேனாக்கத்தியும் மரத்துண்டுமாக உட்கார்ந்துவிடுவார். யானை, குதிரை, செட்டியார் பொம்மை என்று சீவிக்கொண்டே இருப்பார். பிறக்கப்போகிற பிள்ளைக்கு ஒரு கூடை பொம்மையாவது சேர்த்துவிட வேண்டும் என்று ஆசை.

கரையில், கயிறு அவிழ்த்துப் போட்ட கட்டுமரம் ஒன்று கிடந்தது. கட்டைகள் தனித்தனியாக மணலில் புதைந்திருந்தன. ஊரில் ஒருத்தரும் அந்தப் பக்கம் போவதில்லை. ஏன் என்று யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ரம்பத்தால் ஒரு முழம் அறுத்து வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டார்.

மரம் மெத்தென்று சீவ வந்தது. முதல் நாள் கிருஷ்ணன் சீவினார். முடித்துப் பார்த்தால், தடித்த உதடும் அறுந்துபோன இடக்காதுமாக எவனோ ஒருவனின் முகம். மறுநாள் ஒரு பெண் பொம்மை. அதற்கும் அதே உதடு, அதே காது.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, காலையிலேயே சீவ உட்கார்ந்தார். அன்றும் அவன்தான் வந்தான்.

உத்திராபதிக்குக் கோபம் தலைக்கேறியது. கத்தியை அழுத்தி மூன்று முகங்களையும் ஒட்ட வழித்தெடுத்தார். வழித்த இடத்தில் தண்ணீர் கசிந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தார்.

உப்பு.

மீன் கவிச்சி கூடம் முழுக்க ஏறியது. ஈர மணலில் யாரோ காலை இழுத்து இழுத்து நடக்கிற சத்தம்.

கூடத்தில் மணல் இல்லை.

உள்ளேயிருந்து அமிர்தம் மெல்லக் கூப்பிட்டாள். "ஏங்க, வயித்த யாரோ தடவுற மாதிரி இருக்குது. கை சில்லுனு இருக்குது."

கத்தியை அப்படியே போட்டுவிட்டு, பொம்மைகளையும் மிச்சக் கட்டையையும் துண்டில் சுருட்டிக்கொண்டு கரைக்கு ஓடினார். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த மீனவப் பெண் வேலம்மாள் அவற்றைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்க ஊட்டுக்காரரு போன மரம் சாமி இது. ஆளு வராம மரம் மட்டும் வந்தா, அவுத்துப் போட்டுடுவோம். கடலே எடுத்துக்கிற வரைக்கும் ஒருத்தரும் தொடமாட்டோம்." அவள் குரல் இறங்கியது. "மூஞ்சிய ஏன் சீவுனீங்க?"

"தெரியாம செஞ்சிட்டேம்மா. இப்ப என்ன பண்றது?"

"துரும்பு பாக்கியில்லாம கடல்ல உட்டுடணும். சீவலெல்லாம் எங்க?"

உத்திராபதி வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சீவல்களைத்தான் அமிர்தம் அடுப்பு மூட்ட அள்ளிக்கொண்டு போவாள். அதில் வெந்த சோற்றைத்தான் அவள் மூன்று நாளாகச் சாப்பிட்டாள். அதைச் சொன்னதும் வேலம்மாள் இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

"ஊட்டுக்குப் போங்க சாமி."

எல்லாவற்றையும் அலையில் எறிந்தார். கண்ணெதிரே கடல் அவற்றை இழுத்துக்கொண்டு போனது. திரும்பி ஓடினார். வெயில் இன்னும் இறங்கவில்லை.

அமிர்தம் கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் வலி இல்லை. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பிறகுதான் அவள் கையைப் பார்த்தார்.

பேனாக்கத்தி. இன்னொரு கையில், சொட்டச் சொட்ட, அவர் இப்போதுதான் கடலில் விட்ட அதே கட்டை. ஒருநாளும் கத்தி பிடித்துச் சீவாதவள், சுருண்டு படுத்த ஒரு சிசுவை விரல் நகம் வரைக்கும் சீவி வைத்திருந்தாள்.

"வந்துட்டீங்களா?" அவள் குரல்தான். சிரித்தாள். "நம்ம புள்ளைக்கு நானும் ஒண்ணு செஞ்சேன். எல்லாம் நல்லா வந்துச்சி. மூஞ்சி மட்டும் நிக்க மாட்டேங்குது. வழிஞ்சி வழிஞ்சி போயிடுது."

மறுபடி கத்தியை வைத்து இழுத்தாள்.

அவள் வயிறு துள்ளியது.