மைனா கேட்ட கேள்வி

பாஸ்டரம்மா என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. பத்து வயதுப் பெண்ணுக்கு யாரும் அப்படிப் பெயர் வைக்க மாட்டார்கள். குளிக்கப் போ என்று சொன்னால்கூட, "ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்" என்பாள். குளியல் கொஞ்சம் தள்ளிப்போகுமே என்ற ஆசைதான். அதனால் அப்பா வைத்த பட்டப்பெயர் அது.

அவளுடைய தம்பிக்கு ஏழு வயது. அவனை எல்லோரும் வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். அதுவும் பட்டப்பெயர்தான், ஆனால் நன்றாகப் பொருந்தியது.

அப்பா லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஊரில் உள்ள லிஃப்டுகளையெல்லாம் ஏறி இறங்க வைக்கிற அவர், லிஃப்டே இல்லாத ஒரு கட்டடத்தில் மூன்றாம் மாடியில் குடியிருந்தார். அம்மாவுக்கு அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் அவருக்கு அதே வேலைதான்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் இடியும் மழையுமாக இருந்தது. சமையலறை ஜன்னல் வழியாக ஒரு மைனா உள்ளே வந்தது. தொப்பலாக நனைந்திருந்தது. அலமாரி மேல் உட்கார்ந்து ஒரு தடவை உடம்பை உதறியது. வீட்டில் எல்லோரும் நனைந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து அடுப்பில் இருந்த கெட்டில் கொதித்து விசில் அடித்தது. மைனா தலையைத் திருப்பிக் கெட்டிலைப் பார்த்தது. பிறகு தெளிவாக, ஒரு பெண்ணின் குரலில் கேட்டது:

"மாத்திரை போட்டீங்களா?"

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். அப்பா சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறியது. "யாரு வீட்டு மருந்துப் பெட்டியோ பறந்து வந்துருச்சு," என்றார்.

மைனா விடவில்லை. தலையைச் சாய்த்துக்கொண்டு மறுபடியும் கேட்டது. மறுபடியும் கேட்டது. கடைசியில் வாண்டு, "போட்டாச்சு" என்று பதில் சொன்னான். உடனே அது சமாதானமாகிச் சிறகைக் கோதத் தொடங்கியது.

பாஸ்டரம்மாவுக்கு அந்த நிமிடமே மைனாவைப் பிடித்துப்போய்விட்டது. நாய் வேண்டும் என்று அவள் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் மாடியில் நாய் கூடாது என்று அம்மாவும் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மைனாவுக்கு மாடி ஒரு பொருட்டா என்ன?

அப்பா லிஃப்ட் வேலையில் மிஞ்சிய கம்பி வலையை வளைத்து ஒரு கூண்டு செய்து கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். இது யாரோ வளர்த்த பறவை. அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும். யாருமே இல்லை என்றால் மட்டும் வைத்துக்கொள்ளலாம். விசாரிக்கிற பொறுப்பு அவளுடையது.

அவளும் விசாரித்தாள். வெள்ளிக்கிழமை ஒவ்வொரு மாடியிலும் போய் நின்று, "யாராவது மைனாவைத் தொலைச்சீங்களா?" என்று கேட்டாள். அவள் கேட்டது அவளுக்கே கேட்கவில்லை. கதவு திறக்கும் முன்பே அடுத்த மாடிக்குப் போய்விட்டாள்.

ஆனாலும் மனசு சும்மா இருக்கவில்லை. மைனா கேள்வி கேட்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ லேசாகக் கிள்ளியது.

ஞாயிறு பள்ளி டீச்சர் ஒருமுறை பரிசுத்த ஆவியானவரைப் பற்றிச் சொல்லியிருந்தார். "அவர் நமக்கு வழி காட்டுவார். கத்த மாட்டார். ஆனா விடவும் மாட்டார்." அப்போது வாண்டு கையைத் தூக்கி, "எங்க அம்மா விடவும் மாட்டாங்க, கத்தவும் செய்வாங்க" என்று சொன்னான். வகுப்பே சிரித்ததில் பாடம் அத்துடன் நின்றுபோனது.

அதே டீச்சர் இன்னொரு கதையும் சொல்லியிருந்தார். அந்தக் காலத்தில் ஒருவர் கடவுளிடம் அடையாளம் கேட்டு, ராத்திரி ஆட்டுத்தோல் ஒன்றைக் களத்தில் விரித்து வைத்தாராம். காலையில் தரை காய்ந்திருக்க, தோல் மட்டும் நனைந்திருந்ததாம். அவருடைய பெயர் பாஸ்டரம்மாவுக்கு மறந்துவிட்டது. தோல் மட்டும் மறக்கவில்லை.

வீட்டில் ஆட்டுத்தோல் இல்லை. ஒரு பச்சைத் துண்டு இருந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி அதைப் பால்கனியில் விரித்தாள். கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, காலையில துண்டு நனைஞ்சிருந்தா மைனா எனக்கு. காஞ்சிருந்தா நான் நல்லாத் தேடறேன்" என்று ஜெபித்தாள்.

பால்கனியில் இடம் நிறையவே இருந்தது. ஆனால் அவள் துண்டை விரித்தது இடது ஓரத்தில். அதற்கு நேர் மேலேதான் மேல்வீட்டு ஆன்ட்டியின் பூந்தொட்டிகள் இருந்தன.

காலையில் துண்டைப் பிழிந்தால் ஒரு சொம்புத் தண்ணீர் வரும்போல இருந்தது.

"ஆண்டவர் சொல்லிட்டாரு. மைனா எனக்குத்தான்," என்று அவள் துண்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

வாண்டு பல் தேய்த்துக்கொண்டே நின்றான். "மேல்வீட்டு ஆன்ட்டி செடிக்குத் தண்ணி ஊத்தினாங்க. என் தலையிலயும் சொட்டுச்சு. அப்போ நானும் உனக்கா?"

அவள் துண்டைக் கீழே இறக்கினாள். அந்தத் தொட்டிகளில் தினமும் காலையில் தவறாமல் தண்ணீர் ஊற்றுவார்கள் என்பது அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துதான் விரித்தாள். ஆண்டவருக்கே காது குத்தப் பார்த்தோமே என்று நினைத்ததும் அவளுக்கு வெட்கமாகப் போயிற்று.

உள்ளே கெட்டில் விசில் அடித்தது.

"மாத்திரை போட்டீங்களா?"

யாரும் பதில் சொல்லவில்லை. மைனா கழுத்தை நீட்டி வாசல் பக்கம் பார்த்தது. காத்திருந்தது. பிறகு இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டது. இந்தக் கேள்விக்கு எங்கேயோ ஒருவர் தினமும் பதில் சொல்லியிருக்கிறார் என்று அப்போதுதான் பாஸ்டரம்மாவுக்குத் தோன்றியது. மைனா இங்கே கேட்டுக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் அங்கே அவரை இப்போது யார் கேட்கிறார்கள்?

உள்ளே கிள்ளியது இந்த முறை நன்றாகவே வலித்தது.

அவள் பால்கனிக்குத் திரும்பிப் போனாள். "ஆண்டவரே, துண்டை நான் வேணும்னேதான் அங்க வெச்சேன். மன்னிச்சிடுங்க. மைனாவைக் குடுத்துடறேன். ஆனா எங்க போகணும்னு தெரியல. நீங்களும் கூட வாங்க." ஆமென் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. மைனாவை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

ஜெபம் முடிந்ததும் வானத்திலிருந்து குரல் எதுவும் வரவில்லை. மைனாவின் சத்தம்தான் வந்தது. அது கேள்வி மட்டும் கேட்கிற பறவை இல்லை. நடுநடுவே தொண்டையில் ஒரு சத்தம் போடும். கீ...ஈ...ஈக், டங். அதற்குப் பின்னால் ஓர் ஆணின் இருமல். இதுவரை பறவைக்குச் சளி பிடித்திருக்கிறது என்றே அவள் நினைத்திருந்தாள். இப்போது உட்கார்ந்து, காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"வாண்டு, இது என்ன சத்தம்?"

"இரும்புக் கேட்டு. யாரோ திறந்துட்டு டங்னு விடறாங்க," என்றான் வாண்டு, பற்பசை நுரையோடு.

மழையில் நனைந்த பறவை வெகுதூரம் பறந்திருக்க முடியாது. அது வந்தது சமையலறை ஜன்னல் வழியாக. அந்த ஜன்னல் பேக்கரிப் பக்கம் பார்த்தது. ஆக, பேக்கரிக்குப் பின்னால் இருக்கிற தெருக்களில் ஏதோ ஒரு வீட்டில் இந்தக் கேட் இருக்கிறது. அவள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள், துண்டு விஷயம் உட்பட. அம்மா அவளுடைய தலையைத் தடவி, பெரிய ரோட்டைத் தாண்டக் கூடாது, மதியத்துக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

கூண்டை அதே பச்சைத் துண்டால் மூடிக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள்.

முதல் தெருவில் வாண்டு எல்லாக் கேட்டையும் தள்ளிப் பார்த்தான். பல் டாக்டர் வீட்டுக் கேட் சத்தமே போடாமல் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவது தெருவில் ஒரு கேட் பயங்கரமாக அலறியது. ஆனால் மைனா அதைக் கண்டுகொள்ளவில்லை. உள்ளிருந்து ஓர் அம்மாள் வந்து என்ன வேண்டும் என்று கேட்டார்.

"உங்க கேட்டு கத்துதான்னு பாக்க வந்தோம்," என்றான் வாண்டு.

"கத்தும்ப்பா. எங்க வீட்டுக்காரரும் கத்துவாரு. எது வேணும்?" என்றார் அவர். அக்காவும் தம்பியும் ஓட்டம் பிடித்தார்கள்.

மூன்றாவது தெரு முடிகிற இடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. இரண்டுமே குறுகலான சந்துகள். வெயில் ஏறிவிட்டது. கூண்டைத் தூக்கிக் கை வலித்தது. திரும்பிப் போய்விடலாம், இவ்வளவு தேடினோமே போதாதா என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு இனிப்பாகவும் இருந்தது.

"அக்கா, துண்டை விரிச்சுப் பாக்கலாமா?" என்றான் வாண்டு.

"வேண்டாம். கொஞ்சம் பேசாம இரு."

வாண்டு பேசாமல் இருந்தான். அது அவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியும். பாஸ்டரம்மா கண்ணை மூடினாள். எதையும் வேண்டவில்லை, அடையாளமும் கேட்கவில்லை. கூட வாங்க என்று சொன்னோம், வந்திருப்பார் என்று நம்பி நின்றாள்.

சந்துக்குள்ளிருந்து காற்று வீசியது. துண்டின் ஓரம் படபடத்தது. வலது பக்கச் சந்தில், எங்கேயோ உள்ளே, காற்று ஒரு கேட்டைத் தள்ளியது.

கீ...ஈ...ஈக், டங்.

துண்டுக்குள்ளிருந்து மைனா பதில் சொன்னது. கீ...ஈ...ஈக், டங்.

இருவரும் ஓடினார்கள்.

அது சின்ன வீடு. கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஒரு தாத்தா சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு அடுப்பில் கெட்டிலை வைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வந்த விஷயத்தைக் கேட்டதும், அவர் மெல்லிய குரலில் எல்லாவற்றையும் சொன்னார். தாத்தா ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டு வருடமாக ஞாபகம் சரியில்லை. வியாழக்கிழமை இடிச் சத்தத்தில் மைனா மிரண்டு பறந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் மாத்திரை போடவே மறந்துவிட்டார். இன்று காலை தலை சுற்றிக் கீழே விழுந்து, டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

"நேரத்துக்கு ஞாபகப்படுத்த ஆள் வேணும்னு டாக்டர் சொல்றாரு. நான் கடையைப் பாப்பேனா, இவரைப் பாப்பேனா?" என்றார் தையல்காரம்மா. மேசை மேல் மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடந்தது. எடுத்துக் கொடுத்தால், அப்புறம் போடுகிறேன் என்று தள்ளிவிடுகிறாராம்.

பாஸ்டரம்மா துண்டை விலக்கினாள்.

கெட்டில் விசில் அடித்தது.

"மாத்திரை போட்டீங்களா?"

தாத்தா கண்ணைத் திறந்தார். முகம் முழுக்க ஒரு வெளிச்சம் வந்தது. "இதோம்மா, இதோ," என்று எழுந்து உட்கார்ந்து மாத்திரையைக் கேட்டு வாங்கினார். தண்ணீர் குடித்து விழுங்கிவிட்டு, கூண்டைப் பார்த்து, நல்ல பிள்ளை போலச் சொன்னார்: "போட்டாச்சும்மா."

மைனா சமாதானமாகிச் சிறகைக் கோதியது.

"என் வீட்டுக்காரி குரல்," என்றார் தாத்தா. "அவ போய் ஒரு வருஷம் ஆச்சு. இதுக்கு எப்போ சொல்லிக் குடுத்தாளோ தெரியல." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாஸ்டரம்மாவும் பச்சைத் துண்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று தாத்தா கேட்டார். வாண்டு முந்திக்கொண்டான். "முதல்ல துண்டு வெச்சோம் தாத்தா. அது ஏமாத்திடுச்சு."

"துண்டு ஒண்ணும் ஏமாத்தல. நான்தான்," என்றாள் பாஸ்டரம்மா. "அப்புறம் ஆண்டவரைக் கூட வரச் சொன்னோம். வந்தாரு."

மறுநாள் ஆலயம் முடிந்ததும் குடும்பமாக எல்லோரும் தாத்தாவைப் பார்க்கப் போனார்கள். தாத்தா எழுந்து நடமாடிக்கொண்டிருந்தார். எப்போது வேண்டுமானாலும் வந்து மைனாவோடு விளையாடலாம் என்று பிள்ளைகளிடம் சொன்னார். கிளம்பும்போது கேட்டின் சத்தத்தைக் கேட்டு அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. பையில் கைவிட்டு எண்ணெய் டப்பாவை எடுத்தார். அது இல்லாமல் அவர் எங்கேயும் போனது கிடையாது.

பாஸ்டரம்மா ஓடிப்போய்க் கேட்டுக்கு முன்னால் கையை விரித்து நின்றாள். "வேண்டாம்ப்பா. இது கத்தட்டும்."

அப்பா ஒரு நிமிடம் யோசித்தார். டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தார். ஒரு வேலையை முடிக்காமல் அவர் திரும்பியது அன்றுதான்.

சாயங்காலம் வீட்டில் கெட்டில் விசில் அடித்தது. அம்மா, அப்பா, வாண்டு மூன்று பேரும் அவர்களை அறியாமலே அலமாரியை நிமிர்ந்து பார்த்தார்கள். அங்கே யாரும் இல்லை. அடுப்பை அணைத்த பிறகு வீடு ரொம்ப அமைதியாக இருந்தது.

பாஸ்டரம்மா மட்டும் ஜன்னல் வழியாகப் பேக்கரிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்நேரம் போட்டிருப்பாரு," என்றாள்.