கை மாறிய வார்டு

அந்த வார்டில் யாருமே இருமவில்லை.

நர்ஸுக்குப் படிக்கும் காலத்தில் அவள் பயிற்சிக்காகப் போய் நின்ற எந்த வார்டும் அப்படி இருந்ததில்லை. நோயாளிகள் இருக்கும் இடமென்றால் ஒருவர் இருமுவார், அதைக் கேட்டு இன்னொருவருக்குத் தொண்டை கமறும், மூலைக் கட்டிலிலிருந்து யாராவது தண்ணீர் கேட்பார்கள், துணைக்கு வந்தவர்கள் ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு வாசல்வரை கேட்கும்படி பேசுவார்கள். இங்கே இரண்டு சுவரோரமும் ஆறாறு இரும்புக் கட்டில்கள், பன்னிரண்டு பெண்கள். பிற்பகல் வெயில் பச்சைத் திரைச்சீலை வழியாக வடிந்து, எல்லார் முகத்திலும் பாசி படிந்த தண்ணீரின் நிறத்தைப் பூசியிருந்தது. பினாயில் வாடை. அதற்கு அடியில், வெகுநாள் திறக்காத பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த வாடை. தலைக்கு மேலே மின்விசிறி முனகியது. வேறு சத்தமே இல்லை.

"எல்லாரும் நல்லாத் தூங்கறாங்க சிஸ்டர்," என்றாள் மெதுவாக.

"இங்க வந்தா நல்லாத் தூக்கம் வரும்," என்றார் பெரிய சிஸ்டர். அந்த ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் அவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சீருடையும் அதைவிட விறைப்பான முதுகுமாக இருந்தார். "மெஷின் எதுவும் இல்லையேன்னு பாக்கறியா? இங்க எல்லாம் கைதான். நாடி பாக்கறது, மூச்சுப் பாக்கறது, எல்லாம். உன் கை நல்ல கைன்னு உங்க டீச்சர் சொன்னாங்க."

அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. பரீட்சை முடிவு வந்த கையோடு இரண்டு இடங்களில் வேலை கிடைத்திருந்தது. ஒன்று, ஊர் நடுவே எழுந்து நிற்கும் கண்ணாடிக் கட்டடம். நேர்முகத்துக்குப் போனபோது எதிரே இருந்தவர் கணினியை விட்டுத் தலையை நிமிர்த்தவேயில்லை. இவ்வளவு பெரிய இடத்தில் நாம் இருப்பதே யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்ற பயத்தோடு திரும்பி வந்தாள். இன்னொன்று இது. பழைய கட்டடம், பின்னாலேயே தங்க அறை. "ஒரு நாள் வேலை செஞ்சு பாரு, பிடிச்சாச் சேரு, இல்லைன்னா போயிட்டே இரு," என்று சொன்ன ஒரே ஆஸ்பத்திரி. கண்ணாடிக் கட்டடத்துக்காரர்கள் இன்று சாயங்காலம் ஆறு மணிக்குள் பதில் கேட்டிருந்தார்கள். அதற்கு மேல் அந்த இடம் வேறொருத்திக்கு.

மதியம் பஸ்ஸில் வரும்போதே அக்கா போனில் பிடித்துக்கொண்டாள். அம்மாவுக்கு அம்மாவாக இருந்து அவளைப் படிக்க வைத்தவள். "மாப்பிள்ளை பாக்கறவங்ககூட இவ்வளவு யோசிக்க மாட்டாங்கடி சுண்டெலி. எங்க போனாலும் ஊசிதானே போடப் போறே?"

"மாப்பிள்ளை சரியில்லைன்னா உன் வீட்டுக்கு ஓடி வந்துடலாம்கா. முதல் வேலை தப்பாப் போச்சுன்னா அது கடைசிவரைக்கும் கூடவே வரும்."

"ஓடி வந்துதான் பாரேன், வாசல்லயே திருப்பி அனுப்பறேன். ஆறு மணிக்குள்ள எதையாவது ஒண்ணச் சொல்லித் தொலை. நான் மறுபடி கூப்பிடுவேன்."

பகல் ஷிஃப்ட் பார்த்த நர்ஸ் கட்டில்களுக்கு நடுவே காத்துக்கொண்டு நின்றார். தடித்த கண்ணாடி. வயது அதிகமில்லை; ஆனால் உதட்டில் ரத்தமே இல்லை, நகங்கள் மெழுகுபோல் இருந்தன. நின்றபடியே தூங்குகிறாரோ என்றுகூட அவள் நினைத்தாள். ஒருவர் ஷிஃப்ட் முடித்து மற்றவரிடம் நோயாளிகளை ஒப்படைப்பது எல்லா ஆஸ்பத்திரியிலும் உள்ளதுதான். இங்கே அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள்.

"நான் இந்தக் கையப் பிடிச்சுக்கறேன், நீ அந்தக் கையப் பிடி," என்றார் தடித்த கண்ணாடி. "உன் விரலுக்கு நாடி வந்ததும் சொல்லு. அப்புறம்தான் நான் விடுவேன்."

முதல் கட்டிலில் ஒரு கிழவி. மணிக்கட்டு விறகுக் குச்சியாக இருந்தது. மூன்று விரல்களை வைத்தாள். ஒன்றுமில்லை. சற்று நகர்த்தினாள். அப்போதும் இல்லை. கன்னம் சூடாயிற்று; முதல் நாளே நாடி கிடைக்காமல் தடவுகிறவள் என்று பெயர் வாங்குவதா? அப்போது வந்தது. எங்கோ தூரத்திலிருந்து நடந்து வந்து வாசலில் நிற்பதுபோல, மெல்ல, பிறகு உறுதியாக.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

தடித்த கண்ணாடி கையை எடுத்தார். அடுத்த கட்டில். அடுத்தது. ஒவ்வொன்றிலும் முதலில் வெறுமை, பிறகு அந்த வருகை. நான்காவது கட்டிலில் அவளுக்கு ஒன்று உறைத்தது. எல்லாருடைய நாடியும் ஒரே வேகத்தில் ஓடியது. கிழவிக்கும் அதுவே, குமரிக்கும் அதுவே.

முதல் வருடத்தில் டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்தது. கட்டைவிரலால் பிடிக்காதீர்கள், உங்கள் நாடிதான் உங்களுக்குத் தெரியும். அப்படிப் பிடித்தால் மேசைக் காலுக்கும் நாடி இருக்கும். வகுப்பே சிரித்தது. அவள் குனிந்து தன் கையைப் பார்த்தாள். மூன்று விரல்கள்தான். கட்டைவிரல் படவேயில்லை. அழுத்தத்தைக் குறைத்தாள். இறகு பட்டதுபோல வைத்தாள். அப்போதும் அதே துடிப்பு. புது இடம், பதற்றம், வேறென்ன என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

கட்டில்கள் குறையக் குறைய எதிரே நின்றவரின் முகம் மாறியது. உதட்டில் சிவப்பு ஏறியது. நகங்களுக்கு அடியில் ரோஜா நிறம் படர்ந்தது. பன்னிரண்டாவது கட்டிலில் அவள் "வந்துடுச்சு" என்றதும் தடித்த கண்ணாடி இரண்டு கையாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"என்ன ஆச்சுக்கா?"

"நானும் ஒரு நாள் பாக்கத்தான் வந்தேன்," என்றார் அவர். "தப்பா நினைக்காதம்மா." அவ்வளவுதான். விறுவிறுவென்று நடந்து வெளியே போனார்.

மேசைமேல் அவருடைய கைப்பையும் குடையும் அப்படியே கிடந்தன. எடுத்துக்கொண்டு கூப்பிடலாமென்று ஜன்னலுக்குப் போனாள். முற்றத்தில் அவர் ஓடிக்கொண்டிருந்தார். பஸ் பிடிக்க ஓடும் ஓட்டமில்லை அது. ஒரு செருப்பு கழன்று விழுந்தது, திரும்பிப் பார்க்கவில்லை.

அவளுக்கு நெற்றியில் வேர்த்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது.

பின்னால் பன்னிரண்டு கட்டில்களும் ஒன்றாகக் கிறீச்சிட்டன.

திரும்பினாள். யாரும் எழுந்திருக்கவில்லை. கண்கள் மூடியேதான் இருந்தன. ஆனால் பன்னிரண்டு மார்புகளும் ஓடி வந்தவர்களின் மார்பைப்போல ஏறி இறங்கின. நெற்றிகளில் வேர்வை. அவளுக்கு வேர்த்த இடத்தில், புருவத்துக்கு மேலே, அதே இடத்தில்.

நாற்காலியில் உட்கார்ந்தாள். நிதானப்படுத்திக்கொள்ள மூச்சை ஆழமாக இழுத்தாள். வார்டு முழுவதும் மூச்சை இழுத்தது. அடக்கினாள். மின்விசிறி மட்டும் சுற்றியது. விட்டாள், திரைச்சீலைகள் அசைந்தன.

எழுந்து போய்ப் பக்கத்துக் கட்டிலில் ஒரு கையை வைத்தாள். மறு கையைத் தன் கழுத்தில் வைத்தாள். இரண்டும் ஒன்று. இம்மியும் முன்பின் இல்லை.

வேண்டாம். கண்ணாடிக் கட்டடமே போதும். யாரும் தலை நிமிர்ந்து பார்க்காவிட்டாலும் போதும்.

பெரிய சிஸ்டர் வாசற்கதவருகே நின்றிருந்தார். எப்போது வந்தாரோ.

"எனக்கு இது சரிப்படாது சிஸ்டர். நான் கிளம்பறேன்."

"தாராளமாப் போம்மா. இங்க யாரும் யாரையும் கட்டிப் போடறதில்லை." கதவை அவரே அகலத் திறந்து பிடித்துக்கொண்டார்.

தாழ்வாரம் நீளமாக இருந்தது. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. வழியில் எதுவும் அவளைத் தடுக்கவில்லை. கால் தள்ளாடவில்லை, தலை சுற்றவில்லை. சொல்லப்போனால் ஒவ்வொரு அடிக்கும் உடம்பு லேசானது. வாசற்படியில் இறங்கிச் சாயங்காலக் காற்றை இழுத்தபோது பின்னாலிருந்து பெரிய சிஸ்டரின் குரல் கேட்டது. கத்தவில்லை. ஒப்படைக்கும்போது சொல்வார்களே, அந்தக் குரல்.

"முதல் கட்டில் போயிட்டாங்கம்மா."

நின்றாள்.

"ரெண்டாவது நீலமாகுது. மூணாவது பல்லைக் கடிக்குது."

போய்விடு, போய்விடு என்றது உள்ளே. கேட் அங்கேதான் இருந்தது. அதற்கப்பால் ரோடு, விளக்குப் போட்ட வண்டிகள், மனிதர்கள். ஆனால் வரிசையாக நகங்கள் நீலமாவதை அவள் கண்ணால் பார்க்காமலே பார்த்தாள். அவள் படித்த படிப்பு முழுவதும் அவளைப் பின்னங்கழுத்தில் பிடித்துத் திருப்பியது.

ஓடினாள். உள்ளே ஓடினாள்.

கிழவியின் வாய் திறந்து கிடந்தது. மணிக்கட்டு ஜில்லென்றிருந்தது. மூன்று விரல்களை வைத்தாள். இல்லை. "வாங்க பாட்டி, வாங்க," என்று அவளையறியாமல் கெஞ்சினாள். தன் தோளிலிருந்து ஏதோ இறங்குவதை உணர்ந்தாள். முழங்கை. மணிக்கட்டு. விரல்நுனி.

வந்துவிட்டது.

கிழவி மூச்சை இழுத்தாள். அந்த மூச்சு அடங்க வெகுநேரமாயிற்று. சுற்றிலும் நீலம் கலைந்து முகங்கள் சிவந்தன. பெரிய சிஸ்டர் கதவைச் சாத்திவிட்டுப் போனார். பூட்டவில்லை.

அவள் நாற்காலியில் விழுந்தாள். நகங்களைப் பார்த்தாள். மெழுகு.

யோசிக்க வேண்டும். மூச்சை அடக்கி ஒரு நிமிடம் யோசித்தால் போதும். அடக்கினாள்.

வார்டு அடக்கவில்லை.

பன்னிரண்டு மார்புகள் எழுந்தன. அவள் மார்பும் எழுந்தது. அவள் கேட்காமலே.

பன்னிரண்டும் தாழ்ந்தன. அவளுடையதும்.

போன் அடித்தது. அக்கா.

"என்னடி சுண்டெலி, ஆறாகப் போகுது. முடிவு பண்ணினியா இல்லையா?"

அக்கா, வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ. அப்படித்தான் சொல்ல நினைத்தாள். வாய் திறக்கவில்லை.

கிழவியின் உதடுகள் பிரிந்தன. பக்கத்துக் கட்டிலில் பிரிந்தன. வரிசை முழுவதும். பல் இல்லாத வாய்கள், வெடித்த உதடுகள், சத்தமே இல்லாமல் ஒன்றாக அசைந்தன.

சற்றுப் பின்தங்கி, அவள் வாயும் அசைந்தது.

"இங்கேயே இருந்துடறேன்கா," என்றது அவள் குரல்.

"அப்பாடா! இப்பத்தான் எனக்கு உயிரே வந்துச்சு. ஏண்டி, இடம் பிடிச்சிருக்குதானே? சந்தோஷமா இருக்கியா?"

பன்னிரண்டு முகங்களும், கண்களை மூடியபடியே, தலையணையில் அவள் பக்கம் திரும்பின. பன்னிரண்டு வாய்களும் மெல்ல, மெல்ல, காதுவரை அகன்றன.

அவள் கன்னங்கள் இழுபட ஆரம்பித்தன.