மூன்றாவது பாசிட்டிவ்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கு, “பாத்ரூம் எங்கிட்டும்மா இருக்கு?” என்று அருள்தாஸ் தன் மனைவி ஷர்லியிடம் கேட்டான். அவனே கட்டிய வீடு அது. காய்ச்சல் மறதி என்று நினைத்துக் கையைக் காட்டினாள்.

கொரோனாவில் இருபது நாள் ஆக்சிஜனில் கிடந்து, நெகட்டிவ் என்று அனுப்பப்பட்டவனுக்கு மறுபடி பாசிட்டிவ் வந்தது. பதினைந்து நாளில் மூன்றாவது முறையும். ஆவூரில் அந்தத் தெரு அவர்களோடு பேச்சை நிறுத்திக்கொண்டது. வாசலைத் தகரம் வைத்து அடைத்தார்கள். வெயிலில் தகரம் விரிந்து டப் டப்பென்று தெறிக்க, பினாயில் நெடியும் அவன் உடம்பிலிருந்து வரும் ஏதோ பழைய தைல வாசமும் வீட்டுக்குள்ளேயே சுற்ற, மூடிய அறைக்குள் அவன் இழுத்து இழுத்து மூச்சுவிடுவதைக் கேட்டபடி ஷர்லி சமையலறையிலேயே கிடந்தாள். கிழவர்கள் விடும் மூச்சு. அவனுக்கு முப்பத்தாறு வயது.

மதியம் சுகாதார நர்ஸ் இசைவாணி வந்தாள். தகர இடுக்கு வழியாகப் பேசினாள்.

“திரும்பத் திரும்ப பாசிட்டிவ் வர்றவங்கள விசாரிக்கச் சொல்லியிருக்காங்கக்கா. வயசானவங்க, சுகர் பிரஷர் உள்ளவங்க, மொதத் தடவையே ரொம்ப முடியாமப் போனவங்களுக்குத்தான் அதிகமா வருதான்னு பாக்குறாங்க. அண்ணனுக்கு சுகர் இருக்கா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லங்க.”

“இருக்கு.” அருள்தாஸ் அறையைவிட்டு வெளியே வந்து நின்றிருந்தான். “இருபது வருசமா.”

இசைவாணி எழுதிக்கொண்டாள். “பிரஷர்?”

“இருக்கு.”

“வயசு?”

“எழுபத்தொண்ணு.”

சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவள் அவன் கண்களைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

“அண்ணே, இதுல முப்பத்தாறுன்னுல்ல இருக்கு.”

“அது பக்கத்து பெட்டுப் பையன், அருள்தாஸு. அவன்தான் போயிட்டானே.”

“டாக்டர்ட்ட கேட்டுட்டு வாரேங்க்கா.” ஸ்கூட்டி கிளம்பியது. தெருமுனை திரும்பியது. அப்புறம் சத்தமில்லை.

ஷர்லி தகரத்தைத் தள்ளினாள். அசையவில்லை. வெளியே ஆணி அடித்திருந்தார்கள்.

“யாராச்சும் தொறந்து விடுங்களேன்.”

எதிர்வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது.

பின்னால் காலடி. இழுத்து இழுத்து. நின்றது.

திரும்பினாள்.

“அந்தப் புள்ள எம் பேர மட்டும் கேக்கலையேம்மா,” என்றான். பிறகு வாயை மூடிக்கொண்டான்.

உதடுகள் இறுகியிருந்தன. அசையவே இல்லை. ஆனாலும் அந்த நெஞ்சுக்குள்ளிருந்து, வெகு ஆழத்திலிருந்து, அருள்தாஸின் குரல் கேட்டது.

“ஷர்லி. ஷர்லி. இங்க இருட்டா இருக்கு.”